பதினோராம் மணிக்காரனுக்கும் ஒரு பணம்

அடிப்படை வருமானம், அதாவது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அரசு மாதாமாதம் ஒரு தொகை தருவது, என்று பேச்செடுத்தாலே, "உழைக்காதவன் சாப்பிடக் கூடாதுன்னு பைபிள்ல பவுலே சொல்லியிருக்கார்" என்று சபையில் யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் பெரம்பூர் ஜெபக் கூட்டத்திலும் அதேதான். ஓ.எம்.ஆரில் கால் சென்டர் வேலையை இழந்த தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் எடுத்த அழைப்புகளை இப்போது ஏ.ஐ. எடுக்கிறது. கடைசி மாதம் அது சொன்ன பதில்களைத் திருத்திக் கொடுத்ததே அவன்தான்.

பவுல் கண்டித்தது வேலை செய்ய மனமில்லாதவர்களை. மத்தேயு 20-இல் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில், சாயங்காலம் வரை சும்மா நின்றவர்கள் சொன்ன காரணம் வேறு: யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. எஜமான் பதினோராம் மணிக்கு (நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து) அவர்களை வேலைக்கு எடுத்து, அவர்களுக்கும் முழு நாள் கூலியான ஒரு பணத்தைக் கொடுத்தார். முணுமுணுத்தது யார்? காலையிலேயே வேலை கிடைத்தவர்கள். (நம்மைப் போல!)

2020 ஈஸ்டரன்று போப் பிரான்சிஸ், சாமானியத் தொழிலாளர் இயக்கங்களுக்கு எழுதிய கடிதத்தில், எல்லோருக்கும் அடிப்படை ஊதியம் பற்றி யோசிக்க இதுவே நேரமாக இருக்கலாம் என்றார். இங்கே தமிழ்நாட்டில் 2023-இல் பெண்களுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கியது. சரி, அது எல்லோருக்கும் இல்லை, வாடகைக்கும் காணாது. ஆனால் வாங்கியவர்கள் சோம்பேறி ஆனார்களா? எங்கள் தெரு அக்கா இன்னும் விடிகாலையில் இட்லிக் கடை போடுகிறார். மாசக் கடைசியில் தண்டல்காரரிடம் போவதில்லை, அவ்வளவுதான்.