பின்சீட்டில் மட்டும் குளிர்காற்று

டிசம்பர் 4

மாமியார் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, பின்னால ஏசி போட்டிருக்கீங்களா?" என்றார். போட்டிருப்பது ஹீட்டர். பட்டன் முழுச் சூட்டில் இருக்கிறது, ப்ளோயர் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் காலடியில் வரும் காற்று வெளியே அடிக்கும் காற்றைவிடக் கொஞ்சமும் சூடில்லை. முன்னால் எனக்கோ ஸ்வெட்டரைக் கழற்றலாம் போல இருந்தது.

முன் ஹீட்டர் சூடாக வருகிறது என்பதை வைத்தே நிறையச் சந்தேகங்களைக் கழித்துவிடலாம். என்ஜின் சூடேறுகிறது, டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது, வாட்டர் பம்ப் தள்ளுகிறது. என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தால் முன்னாலும் வெதுவெதுப்புத்தான் வரும். ஆக, கோளாறு பின்னால் போகிற கிளையில்தான்.

டிசம்பர் 5

பின் ஹீட்டர் என்பது தனியாக எரிகிற அடுப்பு இல்லை. பானெட்டுக்குள் முன் ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் 'T' வடிவக் கிளை இணைப்பு ஒன்று போட்டு, அங்கிருந்து இரண்டு குழாய் வேனுக்கடியில் பின்சக்கரம் வரை ஓடுகிறது. ஒன்றில் சூடான கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. பக்கவாட்டு பேனலுக்குள் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு ஹீட்டர் கோர், அதற்கென்று ஒரு ப்ளோயர், காற்றைச் சூடான பக்கமோ குளிர்ந்த பக்கமோ திருப்பிவிட ஒரு ஃபிளாப். அவ்வளவுதான் அமைப்பு. எனவே கேட்க வேண்டியது ஒன்றே: சூடு பின்னால் வந்து சேர்கிறதா, இல்லையா? வந்தும் காற்று குளிர்ந்தால் ஃபிளாப்பைப் பார்க்க வேண்டும். வரவே இல்லையென்றால் தண்ணீர்ப் பாதையைப் பார்க்க வேண்டும்.

காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருக்கிறது. கூலன்ட் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது பின் ஹீட்டர்தான், அதனால் இதைப் பார்க்காமல் வேறெதிலும் கை வைப்பதில் அர்த்தமில்லை. (சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிட்டத்தட்ட 129 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.)

டிசம்பர் 6

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வேனுக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஹீட்டர் கோர் அடைச்சிருக்கும் சார், மாத்திடலாம்." பேனல், சீட், பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டிய வேலை அது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கோர் அடைத்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அரைகுறையாக அடைத்திருந்தால் கோரின் வாசல் வரை சூடு வந்து நிற்க வேண்டுமே. அதைத் தொட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 7

இன்று முழுக்க வேனுக்கடியில்.

முன்பக்கத்தை ரேம்ப் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இருபது நிமிடம் என்ஜினை ஓட விட்டேன். இரண்டு ஹீட்டரும் முழுச் சூட்டில். மச்சான் உள்ளே உட்கார்ந்து பட்டனை இயக்கினான். முதலில் ஃபிளாப்: சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றினால் பேனலுக்குள் சின்ன மோட்டார் 'கிர்ர்' என்று ஓடி மெல்லத் தட்டி நிற்கிறது. திருப்பினால் அதேபோல். பல் உடைந்த மோட்டார் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை.

பிறகு ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கோருக்குள் நுழையும் இரண்டுமே பச்சைத் தண்ணீர்க் குழாய் போல ஜில்லென்று இருந்தன. மெக்கானிக் சொன்ன கதை அங்கேயே ஆட்டம் கண்டது. அங்கிருந்து முன்னோக்கி ஒவ்வொரு அடியாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழும் ஜில். ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறது, உள்ளங்கை அளவு, கறுப்பு பிளாஸ்டிக். அதற்கு முன்னால் உள்ள ஹோஸில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது. வால்வைத் தாண்டி நான்கு விரற்கடை தள்ளித் தொட்டால் பச்சைத் தண்ணீர்.

கோடையில் பின் ஏசி ஓடும்போது சூடான கூலன்ட் பின்னால் போகாமல் மறிப்பதற்கான வால்வு இது. என் வேனில் வேக்யூம் (சின்னக் குழாய் வழியாக வரும் உறிஞ்சல்) இழுத்தால் மூடும், விட்டால் ஸ்பிரிங் திறக்கும். சில வண்டிகளில் நேர் எதிர். அதனால் வேக்யூம் குழாயைப் பிடுங்கிவிட்டு 'திறந்தாச்சு' என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது, முதலில் எந்த ரகம் என்று தெரிய வேண்டும்.

குழாயைக் கழற்றி முனையில் விரலை வைத்தேன். மச்சான் குளிருக்குத் திருப்பினால் விரல் ஒட்டி இழுக்கிறது, சூட்டுக்குத் திருப்பினால் விடுகிறது. கட்டளை ஒழுங்காகத்தான் வருகிறது, கேட்க வேண்டியவன்தான் கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது வால்வின் தண்டைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. லீவரை பிளையரில் பிடித்துத் தள்ளினேன். கொஞ்சம் முரண்டியது, பிறகு ஒரு 'கிளிக்', அதற்குப் பின் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுற்றியது. உள்ளே மூடியபடியே ஒட்டிக்கொண்டிருந்த தகடு தண்டிலிருந்து கழன்றுவிட்டது. கோடை முழுக்க மூடியே கிடந்த வால்வு, குளிர் வந்தபோது திறக்க மறந்துவிட்டது.

"அப்ப கோர் மாத்த வேணாமா அத்தான்?" என்றான். வேண்டாம்.

டிசம்பர் 9

வால்வு ஆர்டர் போட்டாயிற்று. கூடவே புது கிளாம்ப்கள். பழைய ஸ்பிரிங் கிளாம்பை மறுபடி போடுவது எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 13

வால்வு மாற்றினேன். ஆறிய என்ஜின், கீழே அகலமான டிரே. பழைய ஹோஸைத் திருகி இழுத்தால் வால்வின் குழாயே முறிந்து ஹோஸுக்குள் நின்றுவிடும், எனவே நுனியில் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தேன். அந்த அளவுக்கு ஹோஸில் நீளம் இருந்தது. சிந்திய கூலன்டை உடனே துடைத்து, டிரேயை மூடி வைத்தேன். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் சிறுநீரகம் போய்விடும்.

அதே ரக கூலன்டையே ஊற்றினேன். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி வேறு ரகத்தைக் கலப்பது, ஒழுகலுக்கு அடைப்புப் பொடி போடுவது, இரண்டும் எனக்கு ஆகாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைபடும், பிறகு அந்த மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

ஸ்டார்ட் செய்தேன். வால்வைத் தாண்டியும் ஹோஸ் சுட ஆரம்பித்தது. ஆனால் பின்னால் வந்தது வெதுவெதுப்புதான், அதுவும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வருகிறது, ஐடிலில் விட்டால் போய்விடுகிறது. பேனலுக்குள் 'களக் களக்' என்று சத்தம். கூலன்ட் பாதையில் ஏர் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 14

ஏர் எடுப்பது பொறுமை வேலை. பின் கோர் பேனலுக்குள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, காற்று அங்கே போய்த் தங்கிவிட்டால் ஐடிலில் பம்ப் தள்ளும் வேகம் அதை இறக்கப் போதாது. ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, வேனின் மூக்கை ரேம்ப்பில் தூக்கி, ரேடியேட்டர் கழுத்து எல்லாவற்றுக்கும் மேடாக இருக்கும்படி செய்தேன். இரண்டு ஹீட்டரும் முழுச் சூடு, ப்ளோயர் மெதுவாக. ஸ்டார்ட் செய்து, சூடேற ஆரம்பிக்கும் முன்பே மச்சான் 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டான், நான் பின் ஹோஸ்களைக் கசக்கிக் கசக்கி விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கழுத்தில் சோடா மாதிரிச் சின்னக் குமிழிகள், கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஒரு ஏப்பம், கூலன்ட் மட்டம் ஒரு சாண் இறங்கியது. நிரப்பினேன். இன்னொரு முறை அதே கதை. கொதி வருவதற்குள் மூடியைப் போட்டு, ஆற விட்டு, சாயங்காலம் மறுபடி செய்தேன். களக் சத்தம் நின்றுவிட்டது.

டிசம்பர் 16

அரைமணி ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். கோருக்குப் போகும் ஹோஸ் 81, திரும்பும் ஹோஸ் 67, காலடிக் காற்று வரும் இடத்தில் 52 டிகிரி. (ஹோஸ் ரப்பரில்தான் குறி வைக்க வேண்டும். பளபளக்கும் உலோகக் குழாயில் அடித்தால் எண் பொய் சொல்லும்.) போவதும் வருவதும் இரண்டுமே சூடு என்றால் ஓட்டம் நன்றாக இருக்கிறது. இடைவெளி இதைவிட மிகப் பெரிதாக இருந்தால்தான் கோரில் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

காலையில் ஆறியபின் ரிசர்வாயரில் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது, மீதியிருந்த ஏர் வெளியேறியதுதான். நிரப்பியாயிற்று. கீழே இருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது: பின்சக்கரத்துக்கு முன்னால் ஸ்டீல் குழாய் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துரு உப்பியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், இன்னும் கெட்டிதான். குளிர் விட்டதும் அந்தத் துண்டை வெட்டி ஹீட்டர் ஹோஸ் போட வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை கூலன்ட் மட்டம் பார்க்கிறேன்.