ஷாட்கிரீட் மூடிய பிறகு பாறையைப் பார்க்க முடியாது

எங்கள் டனலில் சப்போர்ட் கிளாஸை, அதாவது பாறைக்கு எவ்வளவு கனமான தாங்கல் கொடுப்பது என்ற வகையை, மாற்றும் ஒரே ஒரு கையெழுத்துக்கு எனக்கு ஐந்து நாள் ஆனது. போன வாரம்தான் கிடைத்தது. அந்த ஐந்து நாளும் ஷாட்கிரீட்டில் (பாறை மேல் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) ஓடிய விரிசலைப் பார்த்துக்கொண்டே இருந்த பயம் இன்னும் போகவில்லை. கட்டிட வேலையிலிருந்து டனல் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் மாட்டுவார்கள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

கட்டிடத்தில் டிராயிங் வந்துவிட்டால் அதன்படி கட்டலாம். டனலில் டிராயிங்கே நாலைந்து விதமாகக் கையில் இருக்கும், இன்று எதைப் போடுவது என்பதை ஃபேஸில் (தோண்டிக்கொண்டு போகும் முகப்பில்) தெரிகிற பாறைதான் சொல்லும். 1960களில் ஆஸ்திரிய இன்ஜினியர் ராப்செவிச் பேர் வைத்த நேட்டம் (புதிய ஆஸ்திரிய டனல்) முறையின் அடிப்படையும் இதுதான்: சுற்றியுள்ள பாறையையே தாங்கும் வளையமாக்குவது, மெல்லிய ஷாட்கிரீட்டும் பாறைக்குள் இறக்கும் ராக் போல்ட்டும் அதற்குத் துணை, அது எவ்வளவு அசைகிறது என்று அளந்துகொண்டே போவது. படிக்கும்போது எனக்கு இது எளிதாகப் புரிந்துவிட்டது. அளப்பதை ஒரு ஷிஃப்ட் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதுதான் புரியவில்லை.

துளை போடுவது, சார்ஜிங், பிளாஸ்டிங், புகை வெளியேற்றுவது, ஸ்கேலிங் (தளர்ந்த கல்லைத் தட்டி விழவைப்பது), மக்கிங் (உடைந்த கல்லான மக்கை அள்ளுவது) எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. போர்ட்டலிலிருந்து (டனல் வாயிலிலிருந்து) எட்டாவது மீட்டரில், இரவு ஷிஃப்டில் நான் ஃபேஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் கோட் ஷாட்கிரீட் அடித்து முடித்துவிட்டார்கள். ஃபோர்மேனிடம் கேட்டேன். "தம்பி, மேலே கல்லு உதிர ஆரம்பிச்சுடுச்சு, உங்களுக்காகக் காத்திருந்தா ஆள் மேல விழும்" என்றார். அவர் செய்தது சரி. தாங்கல் இல்லாமல் பாறை நிற்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது, நல்ல பாறையில் அது மாதக்கணக்கு, எங்களுடையதில் சில மணி நேரம். தப்பு என்னுடையது. மக் அள்ளி முடியும்போதே நோட்டும் காம்பஸுமாக நான் அங்கே நின்றிருக்க வேண்டும். அந்தப் புல்லுக்கான (ஒரு பிளாஸ்டில் முன்னேறும் நீளம்) ஃபேஸ் மேப், அதாவது முகப்புப் பாறையின் வரைபடம், அதோடு போயிற்று.

மூன்றாம் நாள் இடது தோள்பட்டைப் பக்கம் மயிரிழை விரிசல். அடுத்த நாள் அது நீண்டது. கிளாஸை ஒரு படி கனமாக மாற்றக் கேட்டு ஃபைல் தயார் செய்து, ஒரு மணி நேரம் பயணம் செய்து ஒப்புதல் அலுவலகத்துக்குப் போனால், ஆவணங்களைப் பார்க்கிறவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "எட்டாவது மீட்டர் ஃபேஸ் மேப் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. மறுநாள் முன்பின் புல்களின் மேப்பையும், பக்கச் சுவரில் ஷாட்கிரீட் படாமல் விட்டிருந்த ஒரு அடி அகலப் பாறையின் படத்தையும் வைத்து விளக்கம் எழுதிக்கொண்டு போனேன். இப்போது, "கன்வர்ஜென்ஸின் முதல் ரீடிங் எடுத்த தேதி எங்கே?" என்கிறார். கன்வர்ஜென்ஸ் என்றால் டனல் சுவர் உள்பக்கம் நெருங்கி வரும் அளவு. இதை நேற்றே சொல்லியிருக்கலாம்! தயவுசெய்து முதல் தடவையே முழுப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

அந்தத் தேதியைத் தேடும்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அந்த அசைவை அளக்கச் சுவரில் வைக்கும் டார்கெட்டை இரண்டு ஷிஃப்ட் கழித்துத்தான் பொருத்தியிருந்தோம். மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஃபேஸ் அந்த இடத்துக்கு வந்து சேரும்போதே நடந்து முடிந்திருக்கும், அதை உள்ளேயிருந்து யாராலும் அளக்க முடியாது. மீதி பெரும்பாலும் ஃபேஸ் ஒன்றரை, இரண்டு விட்டம் தள்ளிப் போவதற்குள் நடந்துவிடும். ஆக, முதல் ரீடிங் தாமதமானால் வரும் எண் சின்னதாகத்தான் இருக்கும். எங்கள் சார்ட்டில் 4 மில்லிமீட்டர் என்று இருந்ததைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன், அதற்கு முன்னால் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கும் என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை ஃபைல் மூத்த ஜியாலஜிஸ்ட் ஒருவரின் மேஜைக்குப் போனது. அவர் பாறையின் தரத்தை ஒரே எண்ணாக்கும் என் கியூ கணக்கைப் பார்த்தார்: பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்ற ஆர்கியூடி 50, மூன்று ஜாயின்ட் செட் (ஒரே திசையில் ஓடும் பிளவுகளின் தொகுதி) என்பதால் ஜேஎன் 9, பிளவின் சொரசொரப்புக்கு ஜேஆர் 2, அதன் சிதைவுக்கு ஜேஏ 4, நீர் இல்லாததால் ஜேடபிள்யூ 1, பாறை அழுத்தத்துக்கு எஸ்ஆர்எஃப் 2.5. விடை 1.1. "போர்ட்டல் பகுதிக்கு ஜேஎன்னை இரட்டிப்பாக்கணுமே, தம்பி" என்றார். 9 இருந்த இடத்தில் 18 போட்டால் விடை 0.56. ஒன்றுக்கு மேலே இருந்தால் 'மோசம்', கீழே போனால் 'மிக மோசம்'. அதாவது நான் கேட்டுக்கொண்டிருந்த கனமான கிளாஸ் முதல் நாளிலிருந்தே போட்டிருக்க வேண்டியது. 1974ல் பார்டனும் கூட்டாளிகளும் கொடுத்த கியூ அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே இது இருக்கிறது, கூடவே இரண்டு டனல் சந்திக்கும் இடத்தில் மூன்று மடங்கு என்றும். அடிக்குறிப்பை விடாமல் படியுங்கள். கையெழுத்து அன்று மாலையே கிடைத்தது.

இந்த நாட்களில் ஃபேஸ் சும்மா நிற்கவில்லை. சைட் இன்சார்ஜ் விரிசல் தெரிந்த அன்றே புல் நீளத்தை ஒரு மீட்டராகக் குறைத்து, விரிசல் இருந்த இடத்தில் கூடுதல் போல்ட்டும் இன்னொரு கோட் ஷாட்கிரீட்டும் போடச் சொல்லிவிட்டார். எங்கள் ஒப்பந்தப்படி ஆபத்து தெரிந்தால் தாங்கலைக் கூட்டுவதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, குறைப்பதற்குத்தான் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இது எப்படி இருக்கிறது என்று வேலையில் சேர்ந்த வாரமே பார்த்துவிடுங்கள். எனக்கு அது தெரியாததால் முதல் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

அப்புறம், புது கிளாஸில் லாட்டிஸ் கர்டர் (கம்பிகளால் ஆன வளைவுச் சட்டம்) நெருக்கமாக வந்தபின் ரீடிங் அடங்கிவிட்டது, மூன்று நாளாக அரை மில்லிமீட்டருக்குள். இப்போது மக் அள்ளும் கடைசி நடையின்போதே ஃபோர்மேன் எனக்குப் போன் செய்கிறார். ஸ்கேலிங் முடிந்து, தலைக்கு மேல் பாதுகாப்பு என்று அவர் சொன்ன இடத்தில் நின்று, பத்து நிமிடத்தில் மேப் வரைந்துவிடுகிறேன். அது முடிந்துதான் நாஸிலைத் திறக்கிறார்கள்.