எட்டு பக்கத்துக்கு மேட்டர் வேணும்

இந்த தடவையும் எங்க மில்லு நியூஸ்லெட்டருக்காக பன்னெண்டு டிபார்ட்மென்டுக்கும் மெயில் போட்டேன், மூணு மாசத்துல உங்க பக்கம் நடந்த முக்கியமான விஷயம் எதுன்னாலும் அனுப்புங்கன்னு. வந்த பதில் ரெண்டு. ஸ்டோர்ஸ்ல இருந்து "எதுவும் இல்லை". அக்கவுன்ட்ஸ்ல இருந்து கேக் வெட்டின போட்டோ பதினேழு, எல்லாம் ஒரே கேக். வாட்ஸப் குரூப்ல கேட்டா ஆளாளுக்கு கட்டைவிரலை தூக்கி காட்டிட்டு போயிட்டாங்க.

நான் சேலத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல எச்.ஆர்.ல இருக்கேன். லீவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். இதெல்லாம்தான் என் வேலை. காலேஜ்ல தமிழ் மன்றத்துக்கு செயலாளரா இருந்தேன்னு இன்டர்வியூல வாய் தவறி சொல்லிட்டேன், அதுல இருந்து நியூஸ்லெட்டர் என் தலையில. மூணு மாசத்துக்கு ஒண்ணு, எட்டு பக்கம், அதுல ஒரு பக்கம் எம்.டி. செய்தி, அதையும் நான்தான் எழுதணும்.

முதல் இதழ்ல பெரிய அசிங்கம் ஆயிடுச்சு. 60 நம்பர் நூலை விட 40 நம்பர் நூல் மெல்லிசுன்னு எழுதிட்டேன். சின்ன நம்பர்னா மெல்லிசு, பெரிய நம்பர்னா தடிசுன்னு நானா நினைச்சுகிட்டது, யாரையும் கேக்கல. விஷயம் நேர் எதிர். ஒரு பவுண்டு நூல்ல 840 கஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை தேறுதோ அதுதான் கவுன்ட். நாப்பது தேறினா 40ஸ், அறுபது தேறினா 60ஸ், அப்போ அறுபதுதானே மெல்லிசா இருக்கணும். ஒரு வாரம் கேன்டீன் பக்கம் போக முடியல, டீ ஊத்தற அண்ணன் கூட "டீ 40ஆ 60ஆ மேடம்"னு கேட்டாரு.

அப்புறம்தான் மெயில் போடறதுல நம்பிக்கை போச்சு. நேர்ல போய் "உங்க டிபார்ட்மென்ட் சாதனை என்னங்க"ன்னு கேட்டாலும் ஒண்ணும் பேராது, "எல்லாம் நல்லா போகுதுங்க மேடம்"தான். அதே ஆள்கிட்ட "நேத்து நைட் ஷிப்ட்ல எந்த மெஷின் நின்னுச்சு"ன்னு கேளுங்க, நாப்பது நிமிஷம் பேசுவாரு, யார் சரி பண்ணது, எந்த ஸ்பேர் இல்லாம எதை வச்சு ஒப்பேத்தினாங்க, எல்லாம் வரும். ஆனா ஷெட்டுக்குள்ள நின்னு கேக்க முடியாது, நூல் நூற்கற ரிங் ஃபிரேம் மெஷின் சத்தத்துல நம்ம பேச்சே நம்ம காதுல விழாது, போன்ல ரெக்கார்ட் பண்ணா வெறும் இரைச்சல். அதனால நாலு மணிக்கு கேட்டுக்கு வெளிய தட்டுவடை செட் வண்டிகிட்ட நின்னுடுவேன். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல கேரட் பீட்ரூட் துருவலும் சட்னியும் வச்சு கையில குடுத்துட்டா மனுஷன் எப்படியும் அஞ்சு நிமிஷம் அங்கதான் நிப்பாரு, அது போதும் எனக்கு. இதுவரைக்கும் செட்டுக்கு ஆன காசை வவுச்சர் போட்டு வாங்க தைரியம் வரல.

போன மாசம் ஏற்காடு டூர். டூர் போனா கட்டுரை தானா வந்துடும், அதுதான் ஆபத்து. வந்த மூணுமே "காலை 6 மணிக்கு பஸ் கிளம்பியது"ன்னுதான் ஆரம்பிக்குது, மூணுலயும் இயற்கை எழில் கொஞ்சுது. ஒரு டிரெய்னி பையன் மட்டும் காபி செடியை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான்னு எழுதியிருந்தான். எந்த வெள்ளைக்காரன்டான்னு கேட்டு விட்டேன், 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்னு பாத்துட்டு வந்து சொன்னான், சேத்துகிட்டேன். கடைசியில நான் போட்டது பஸ் டிரைவர் சொன்னதை. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் ஏறும்போது பாட்டு கேப்பாங்களாம், இறங்கும்போது பஸ்ஸே கப்சிப்னு இருக்குமாம். "ஏறுன கியர்லயே இறங்கணும், பிரேக்கை நம்பினா அஞ்சாவது வளைவுலயே கருகுன வாசனை வந்துரும்"னாரு.

எங்க மில்லுல வேலை பாக்கற ஒடிசா பொண்ணுங்களை பத்தி ஒரு பக்கம் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. அவங்கள்ல தமிழ் பேச வர்ற ஒருத்தியை பக்கத்துல உக்கார வச்சுகிட்டு கேட்டேன். ஒரு பொண்ணு மாசாமாசம் வீட்டுக்கு எவ்ளோ அனுப்பறான்னு தானாவே சொன்னா. நான் எழுதறதை பாத்துட்டு, அதை மட்டும் போடாதீங்க, ஊருக்கு தெரிஞ்சா கடன் கேட்டு வருவாங்கன்னு சொன்னா. அந்த வரியை அடிச்சுட்டேன். பேரையும் அவ கையாலேயே எழுதி வாங்கினேன், நான் கேட்டு எழுதினது தப்பா இருந்துச்சு.

இந்த இதழோட முக்கிய கட்டுரை ரிட்டயர் ஆகப்போற மேஸ்திரி. இந்த மில்லுல முதல் மெஷின் இறக்கினப்ப இருந்தே இருக்காரு. மூணு நாள் சுத்தினேன். "என்னத்த சொல்றது கண்ணு, வந்தோம், வேலை பாத்தோம்." அவ்ளோதான். நாலாவது நாள் வேற வழி தெரியாம, அந்து போன இழையை எப்படி ஒட்டறீங்கன்னு காட்டுங்கய்யான்னு சொன்னேன். மெஷின்கிட்ட கூட்டிட்டு போனாரு. ஸ்பிண்டில், அதான் நூல் சுத்திக்கற கம்பி, நிமிஷத்துக்கு 15,000 சுத்துக்கு மேல போயிட்டு இருக்கு, முழங்காலால கீழ இருக்கற பிரேக்கை ஒரு அழுத்து, அந்த ஒரு ஸ்பிண்டில் மட்டும் நின்னுச்சு. நுனியை தேடி எடுத்து, நகக்கண் அளவு கூட இல்லாத டிராவலர்ங்கற குட்டி கம்பி கிளிப்புல கோத்து, மேல இருக்கற கொக்கி வழியா இழுத்து, முழங்காலை எடுத்துகிட்டே முன் ரோலர்ல இருந்து வர்ற பஞ்சுல தொட்டாரு, ஒட்டிகிச்சு. நான் "அஞ்..." எண்ணறதுக்குள்ள அடுத்த இழைக்கு போயிட்டாரு. வெளிய வந்து ஆள்காட்டி விரலை நீட்டினாரு, நுனியில மெல்லிசா ஒரு கோடு, வழவழன்னு, ரேகையே இல்ல. "பயோமெட்ரிக் மெஷின் என்னை ஆளே இல்லைன்னு சொல்லுது கண்ணு"ன்னு சிரிச்சாரு. அட்டென்டன்ஸ்ல இவர் பேர்ல மட்டும் தினம் எர்ரர் வருதுன்னு ரெண்டு வருஷமா திட்டிட்டு இருந்தது நான்தான்.

அதுக்கப்புறம் வாய் திறந்துட்டாரு. ஆனா வருஷத்துல சிக்கல். மில்லு ஓட ஆரம்பிச்சது எப்பங்கய்யான்னா "எம்ஜிஆர் போனாரே, அதுக்கடுத்த பொங்கலுக்கு" அப்படின்னாரு. எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24, அப்போ 1988 ஜனவரி. கேன்டீன் பெரியவர் இந்திரா காந்தியை சுட்ட வருஷம்னு அடிச்சு சொல்றாரு, அது 1984. மெஷின்ல இருக்கற தகடுல 1985, ஆனா அது செஞ்ச வருஷம், ஓட்டின வருஷம் இல்ல. பழைய ரூம்ல ஃபைலை தோண்டினா ஈரோட்டு கடை பில் ஒண்ணு, தேதி இருந்த மூலையை கரையான் தின்னுடுச்சு, அட்ரஸ்ல மட்டும் "பெரியார் மாவட்டம்"னு இருக்கு. ஈரோடு மாவட்டத்துக்கு 1979ல இருந்து 1996 வரைக்கும் அதுதான் பேரு, பதினேழு வருஷத்தை வச்சு நான் என்ன பண்றது. கடைசியில எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் ஒரு வார்த்தை சொன்னாரு, கரன்ட் இல்லாம மெஷின் எப்படிங்க ஓடும், ஈ.பி. கனெக்‌ஷன் குடுத்த லெட்டரை தேடுங்கன்னு. இருந்துச்சு. 1986 ஆகஸ்ட்.

மேஸ்திரிகிட்ட போய் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அது முதல் ஷெட்டு கண்ணு. நான் சொன்னது ரெண்டாவது ஷெட்டு, அப்பதான் என் பொண்ணு பொறந்தா, பிரசவத்துக்கு கூட போகாம மெஷின் இறக்கிட்டு இருந்தேன்." ரெண்டாவது ஷெட்டுன்னு ஒண்ணு தனியா வந்ததே அதுவரைக்கும் எனக்கு தெரியாது. ரெண்டு வருஷத்தையும் போட்டேன், பிரசவத்தை போடலாமான்னு கேட்டேன், போடுன்னாரு.

புதன்கிழமை பிரின்ட் வந்துச்சு. படிச்சு முடிச்சுட்டு நேரா எச்.ஆர். ரூமுக்கே வந்துட்டாரு, எங்க தப்பு கண்டுபிடிச்சாரோன்னு பயந்துட்டேன். இன்னும் அஞ்சு காப்பி வேணுமாம், ஒண்ணு சம்பந்தி வீட்டுக்கு. என்கிட்ட மிச்சம் இருந்தது மூணு.