வாட்ஸ்அப் படமாக மட்டும் எஞ்சிய ஓவியத்தை அச்சிடுதல்

ஓவியம் கைவிட்டுப் போய், அதைக் கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கரையான் அரித்தது, மழைநீரில் ஊறியது, வீடு மாறும்போது காணாமல் போனது என்று காரணங்கள் பலவாக இருக்கும். அச்சுக்கான வடிவமைப்பு வேலையில் இருப்பதால் அத்தகைய படங்கள் அவ்வப்போது என்னிடம் வந்து சேர்கின்றன. "இதைப் பெரிதாக்கித் தெளிவாக்கி பிரேம் போடுகிற மாதிரி செய்து தர முடியுமா?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை அந்தப் படத்தில் எஞ்சியிருக்கும் விவரம்தான் தீர்மானிக்க வேண்டும். படத்தில் மங்கிக் கிடப்பதை வெளிக்கொணர்வது ஒரு வேலை. படத்தில் இல்லாததை வரைந்து சேர்ப்பது முற்றிலும் வேறொரு வேலை. இரண்டாவதை முதலாவதாக எண்ணிச் செய்துவிட்டால், அச்சில் வருவது அந்த ஓவியரின் ஓவியமாக இருக்காது. அண்மையில் முடித்த ஒரு படத்தை முன்வைத்து இதை விளக்கமாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளத்து வடகரைப் படிகளில் அமர்ந்து, எதிரே தெற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்த நீர்வண்ண ஓவியம் அது. வரைந்தவர் ஒரு பள்ளி ஓவிய ஆசிரியர், இப்போது இல்லை. கூரை ஒழுகியதில் ஓவியமும் பாழாகிவிட்டது. அவருடைய மகளிடம் இருந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ பகிரப்பட்ட ஒரு படம் மட்டுமே. கண்ணாடி போட்ட பிரேமைச் சுவரில் இருந்து இறக்காமலே, சற்றுப் பக்கவாட்டில் நின்று, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படம். இடப்பக்கச் சன்னலின் பிரதிபலிப்பு வானத்தின் மீதும் கோபுரத்தின் ஓர் ஓரத்தின் மீதும் வெண்மையாகப் படிந்திருந்தது.

இத்தகைய வேலையில் முதலில் செய்ய வேண்டியது மென்பொருளைத் திறப்பதல்ல. இதைவிட நல்ல கோப்பு எங்கேனும் இருக்கிறதா என்று தேடுவது. வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் படத்தை அனுப்பும்போது அதன் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்துவிடுகிறது. 2023இல் வந்த எச்டி தேர்வில் இந்த இழப்பு குறைவு. கோப்பாக, அதாவது டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் படம் அப்படியே வந்து சேரும். எடுத்த கைப்பேசியில் 3000×4000 பிக்சலுடன் மூலப்படம் கிடைத்துவிட்டால் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும். ஆகவே படம் எடுத்தவரின் பழைய கைப்பேசி, மெமரி கார்டு, கூகுள் போட்டோஸ் கணக்கு ஆகியவற்றை எல்லாம் பார்க்கச் சொல்வேன். இங்கே அந்தக் கைப்பேசி எப்போதோ போய்விட்டது. ஆனால் தேடியதில் வேறொன்று கிடைத்தது: புதுமனை புகுவிழாவில் எடுத்த குழுப்படம் ஒன்றில், நிற்பவர்களின் பின்னால் இதே ஓவியம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓவியம் மிகச் சிறியது என்றாலும், வேறு கோணத்தில் எடுத்ததால் கண்ணாடியில் பிரதிபலிப்பு இல்லை. பின்னால் அது எனக்குப் பெரிதும் உதவியது.

இனிக் கணக்கு. குழுவில் கிடைத்த படம் 1200×1600 பிக்சல். சுவரையும் சட்டத்தையும் வெட்டிய பின் ஓவியம் மட்டும் 960×1408 பிக்சல் தேறியது. மூல ஓவியம் ஹாஃப் இம்பீரியல் தாளில், அதாவது 15×22 அங்குலத்தில் வரையப்பட்டது. அதே அளவில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 64 பிக்சல்தான் கிடைக்கும். அச்சகங்களில் எல்லோரும் சொல்லும் 300 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், இந்தப் படம் ஓர் அஞ்சலட்டை அளவுக்குக்கூடச் சரியாகப் போதாது. ஆனால் அந்த 300 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இயல்பான பார்வையுள்ள கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்கும் குறைவான விவரங்களைப் பிரித்தறிவதில்லை. ஏறத்தாழ ஓர் அடி தொலைவில் வைத்துப் பார்க்கும் தாளில் அந்தக் கோணம் அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளிகள் என்று வரும். அதே கண் ஒரு மீட்டர் தொலைவில் இருந்து பார்க்கும்போது சுமார் 87 புள்ளிகளே போதும். சோபாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டும் படத்தை யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. எனவே 12 அங்குல அகலத்தில் அச்சிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அப்போது உண்மையான விவரம் அங்குலத்துக்கு 80 பிக்சலாக இருக்கும். சுற்றிலும் இரண்டு அங்குலம் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றிவரும் அட்டை ஓரம், வைத்துச் சட்டமிட்டால், சுவரில் அது அடைக்கும் இடம் ஏறத்தாழ பழைய ஓவியத்தின் அளவுக்கே வந்துவிடும். அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார். பெரிய அளவைக் கேட்டு வருபவரிடம் சிறிய அளவை எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருத்த வேலையை எப்போதும் ஒரு நகலில், நிறப் படிநிலைகளை மிக நுணுக்கமாகப் பதியும் 16 பிட் ஆழத்தில், சேமிக்கும்போது விவரம் இழக்காத டிஃப் கோப்பாக வைத்துச் செய்கிறேன். ஜேபெக் கோப்பைத் திறந்து திரும்பத் திரும்ப ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் கரையும். போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு, 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் மென்பொருளிலும் இந்த ஆழத்தில் வேலை செய்ய முடியும். முதலில் கைப்பேசி லென்ஸினால் வெளிப்பக்கமாக வளைந்து தெரியும் சட்டத்தின் ஓரங்களை நேராக்கி, அதன் பிறகே பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் இரண்டுமே சரியாக வராது. தாளின் அளவு தெரிந்திருந்ததால் 15க்கு 22 என்ற விகிதத்துக்குப் படத்தை நிறுத்த முடிந்தது. அளவு தெரியாத ஓவியங்களில், கோபுரம் வேண்டாத உயரம் பெற்றுவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது வெளிச்சம். சன்னல் பக்கம் வெளிறியும் மறுபக்கம் இருண்டும் இருந்தது. இதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யப் புகுந்தால், ஓவியர் வேண்டுமென்றே வைத்த நிழலையும் சேர்த்து அழித்துவிடுவோம். நல்வாய்ப்பாக, அவர் தாளின் ஓரங்களில் டேப் ஒட்டி வரைந்திருந்ததால் நான்கு பக்கமும் வண்ணம் படாத தாளின் விளிம்பு இருந்தது. அந்த விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்று. எனவே அதில் தெரியும் ஏற்ற இறக்கம் முழுவதும் அறையின் வெளிச்சத்தால் வந்தது. விளிம்பின் பல இடங்களில் அளவெடுத்து, அதற்கேற்ப வெளிச்சம் படிப்படியாக மாறும் ஒரு மென்மையான சாய்வை உருவாக்கி, படத்தை அதனால் வகுத்தேன். இடமும் வலமும் ஒரே வெளிச்சத்துக்கு வந்தவுடன், மண்டபத் தூண்களுக்குப் பின்னால் அவர் வைத்திருந்த நீல நிழல் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. டியூப் லைட்டின் பச்சைச் சாயலை நீக்கவும் அதே விளிம்புதான் அளவுகோல். தாளைப் பளீர் வெள்ளையாக மாற்றவில்லை. நீர்வண்ணத் தாளுக்கு இயல்பான மெல்லிய பழுப்பு வெண்மையோடு நிறுத்திக்கொண்டேன்.

பிரதிபலிப்பில் இரண்டு வகை உண்டு. மெல்லிய திரைபோலப் படிந்த இடத்தில் ஓவியம் அடியில் இருக்கவே செய்கிறது. மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, ஒளி அளவுகளை மாற்றும் கர்வ் என்ற கருவியைக் கொண்டு அதன் வெளிறிய கருமையை மீண்டும் ஆழமாக்கினால் கோபுரத்தின் ஓரம் மெல்ல வெளிவரும். முற்றிலும் வெண்மையாகிவிட்ட இடத்தில் எதுவும் இல்லை. அங்கே எந்த மென்பொருளாலும் மீட்க ஒன்றும் கிடையாது. இந்தப் படத்தில் அத்தகைய இடம் வானத்தில் ஒரு பட்டையாக மட்டும் இருந்தது. அதன் நிறத்தைக் குழுப்படத்தில் இருந்து அறிந்து, பக்கத்தில் இருந்த வானத்தைக்கொண்டு நிரப்பினேன். சீராகப் பரவிய வானம் என்பதால்தான் அதற்குத் துணிந்தேன். அந்தப் பட்டை சிற்பங்களின் மீது விழுந்திருந்தால், அதை மங்கலாகவே விட்டிருப்பேன்.

ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது; அதோடு நிறத் தகவலைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. நீர்வண்ணத்துக்கு இது மிகவும் கெடுதலானது. ஈரத்தாளில் ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து பரவும் இடங்கள் கட்டம் கட்டமாக உடைந்து, வானம் படிக்கட்டுகள்போல் தெரியும். இதற்கு எனக்குப் பயன்பட்ட வழி, ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் லேப் முறைக்குப் படத்தை மாற்றி, ஒளிர்வைத் தொடாமல் நிறத்தைத் தாங்கும் இரண்டு சானல்களை மட்டும் மென்மையாக்குவது. கண் கூர்மையை ஒளிர்வில்தான் தேடுகிறது. நிறம் சற்றுப் பரவினாலும் அதற்கு உறுத்துவதில்லை. கோபுர விளிம்பைச் சுற்றி மொய்த்திருந்த நிறக்கறைகள் அதிலேயே பெரும்பாலும் மறைந்துவிட்டன.

பெரிதாக்கும் கட்டத்துக்கு வருவோம். வழக்கமான பைக்யூபிக் முறை, இருக்கும் பிக்சல்களுக்கு இடையிலான மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புகிறது. படம் மங்கலாக இருக்கும், ஆனால் புதிதாக எதையும் சொல்லாது. ரியல்-இஎஸ்ஆர்கான் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும், அவற்றை எளிதாகப் பயன்படுத்த உதவும் அப்ஸ்கேல் போன்ற இலவச மென்பொருள்களும் வேறு விதமானவை. ஏராளமான படங்களில் கற்றுக்கொண்டதை வைத்து, இங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. படிகளின் கோடுகள், தூண்களின் விளிம்புகள் ஆகியவற்றில் அந்த ஊகம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது. கோபுரத்தில்தான் சிக்கல். ஓவியர் ஒவ்வொரு சுதைச் சிற்பத்தையும் தூரிகையின் இரண்டு தொடுகைகளால், ஒரு வெளிச்சப் புள்ளியும் ஒரு நிழல் புள்ளியுமாக முடித்திருந்தார். தூரத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்குக் கோபுரம் எப்படித் தோன்றுமோ அப்படி. மென்பொருள் அந்தப் புள்ளிகளுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தது. சிலவற்றைச் சன்னல்களாக மாற்றியது. தாளின் சொரசொரப்பைக் குறையென்று கருதி வழித்தெடுத்து, வானத்தைப் பிளாஸ்டிக் விரிப்பைப் போல ஆக்கியது. கீழ் மூலையில் தமிழில் இருந்த கையெழுத்து, எந்த மொழியிலும் சேராத சுழிகளாகிவிட்டது.

எனவே இரண்டு முறைகளிலும் நான்கு மடங்கு பெரிதாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தேன். படிகளுக்கும் தூண்களுக்கும் நீர்க்கோட்டுக்கும் மென்பொருள் வரைந்ததைப் பாதியளவு கலந்தேன். கோபுரச் சிற்பங்கள், படியில் அமர்ந்திருக்கும் மனிதர்கள், வானம் ஆகிய எல்லாம் பைக்யூபிக் படத்தில் இருந்தே வந்தன. கையெழுத்தைப் பற்றி மகளிடம் பேசினேன். அவரிடம் தந்தையின் தெளிவான கையெழுத்து வேறொரு ஓவியத்தில் இருந்தது. அதை எடுத்து இங்கே ஒட்டுவது சில நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. ஓவியர் இந்தத் தாளில் இட்ட கையெழுத்து இது. மங்கலாக இருந்தாலும் அதுவே இருக்கட்டும் என்றேன். அவரும் அதையே விரும்பினார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் ஓர் ஓவியம் தொங்குவதாலேயே அதைப் படியெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவாக ஓவியருக்கும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. இங்கே கேட்டவர் மகளே என்பதால் தடை இருக்கவில்லை. விலைக்கு வாங்கிய ஓவியமாக இருந்தால் அனுமதி கேட்பதுதான் முறை.

தாளின் சொரசொரப்பைக் கணினியில் செயற்கையாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வானத்தின் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியாமல் இருப்பதற்காக மிக நுண்ணிய ஒரு மணற்தன்மையை மட்டும் சேர்த்துவிட்டு, மீதியை அச்சிடும் தாளிடம் விட்டுவிட்டேன். சற்றுக் கனமான, சொரசொரப்பான, பளபளப்பில்லாத பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் அச்சிட்டபோது, தாளின் உண்மையான மேடுபள்ளங்களே நீர்வண்ணத்தின் தோற்றத்தைக் கொண்டுவந்தன. பளபளப்பான போட்டோ தாளிலோ கேன்வாஸிலோ இதே கோப்பு இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

முழு அச்சுக்கு முன்னால், கோபுரத்தின் நடுப்பகுதியையும் குளத்து நீரையும் சேர்த்து ஓர் ஏ4 துண்டு மட்டும் உண்மையான அளவில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். திரை தானே ஒளிர்வது, தாள் மீது விழும் ஒளியைத் திருப்புவது. ஆகவே திரையில் சரியாகத் தோன்றும் நிழல்கள் தாளில் விவரம் தெரியாமல் கருமையாக அடைத்துப் போவது வழக்கம். இங்கும் மண்டபத்து நிழல்கள் அடைத்திருந்தன. அவற்றைச் சற்றுத் திறந்துவிட்டு, அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்பதைச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பைக் கொண்டு மறுபடி திரையில் சோதித்து, கூர்மையாக்கலை இறுதியாக ஒளிர்வில் மட்டும் செய்து அச்சுக்கு அனுப்பினேன். சட்டத்தின் பின்பக்கத்தில், இது ஒளிப்படத்தில் இருந்து மீட்டெடுத்து, மூல அளவைவிடச் சிறிதாக அச்சிட்ட படி என்று ஆண்டுடன் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மூல ஓவியம் இன்னும் வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே அதைச் சரியாகப் பதிவுசெய்து வையுங்கள். கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்து, ஒரே வகையான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, கேமராவை ஓவியத்தின் நடுவுக்கு நேராக நிறுத்தி எடுங்கள். ஒரு படத்திலாவது ஓரத்தில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையும் ஓர் அளவுகோலும் தெரியட்டும். கண்ணாடி இல்லாத, தட்டையான, வண்ணம் உதிராத சிறிய தாள் ஓவியமாக இருந்தால், சாதாரண ஏ4 ஸ்கேனரிலேயே பகுதி பகுதியாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளில், எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம். 15×22 அங்குலத் தாளுக்கு அது 4500×6600 பிக்சல் தரும்.