முன்பே கொடுத்ததற்கு எந்த நாளின் விலை?

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் ஒரு தகப்பனாரோ தாயாரோ மறைந்த பிறகு, மிச்சமிருக்கும் வீட்டையும் வங்கிக் கணக்கையும் பிரிப்பதில் பிள்ளைகளுக்குள் அவ்வளவாகத் தகராறு வருவதில்லை. மூத்தவனுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த மனை, மகளின் வீட்டுக்குப் போட்ட பணம், இளையவனின் கடைக்குக் கொடுத்த முதல் ஆகியவற்றை என்ன செய்வது என்ற இடத்தில்தான் பேச்சு முறிகிறது. புதுச்சேரியிலிருந்து வந்து இத்தீவில் நிலைத்துவிட்ட எங்களைப் போன்ற குடும்பங்களில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஊரிலிருக்கும் உறவினர்கள், "கொடுத்தது கொடுத்ததுதான், இருப்பதைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொல்வார்கள். அது வெறும் திண்ணைப் பேச்சன்று. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, உயில் எழுதாமல் இறந்தவர் தம் பிள்ளைக்கு உயிருடன் இருக்கையில் கொடுத்தவற்றைப் பங்கு கணக்கிடும்போது கருதக் கூடாது என்றே சொல்கிறது. இங்கே நடப்பிலுள்ள பிரெஞ்சு சிவில் சட்டமோ நேர் எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது.

அச்சட்டத்தின் 843ஆம் பிரிவின்படி, ஒரு வாரிசு இறந்தவரிடமிருந்து கொடையாகப் பெற்ற அனைத்தையும், அது பங்குக்கு அப்பாற்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தாலொழிய, உடன்வாரிசுகளின் பொதுக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பத்திரம் எழுதும் நொத்தேர்கள் இதை 'ராப்போர்' என்பார்கள். பொதுவாகப் பொருளையே திருப்பித் தர வேண்டியதில்லை. அதன் மதிப்பை மீதிச் சொத்தோடு கூட்டி, ஒவ்வொருவரின் பங்கையும் கண்டு, முன்பே வாங்கியதைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தருவார்கள். வாங்கியது பங்கைவிட மிகுந்திருந்தால், அவர் தம் கையிலிருந்து மற்றவர்களுக்கு ஈடு செய்ய நேரும்.

பெற்றோர் செய்த எல்லாச் செலவும் இதில் வராது. உணவு, பராமரிப்பு, கல்வி, தொழிற்பயிற்சி, திருமணச் செலவு, வழக்கமான அன்பளிப்பு ஆகியவற்றை, கொடுத்தவர் வேறு விதமாக விரும்பியிருந்தாலன்றி, 852ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது. ஆகவே அண்ணனைப் பிரான்சிலுள்ள மோன்பெலியேவுக்கு அனுப்பிப் படிக்கவைத்த செலவைத் தங்கை கணக்கில் கேட்க இயலாது. நகைதான் தொல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகை வழக்கமான அன்பளிப்பா, முன்கூட்டிக் கொடுத்த பங்கா என்பதை, கொடுத்த நாளையும் அன்று கொடுத்தவரின் வசதியையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. வசதி படைத்தவர் மகளுக்குப் போட்ட பத்துப் பவுன் அன்பளிப்பாகலாம். அதே பத்துப் பவுனுக்காகக் கரும்பு நிலத்தின் ஒரு பகுதியை விற்றவர் கொடுத்தது அப்படி ஆகாது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். எந்த நாளின் விலையைப் போடுவது? 860ஆம் பிரிவு இதற்குச் சொல்லும் விடை, கொடுத்த நாளில் பொருள் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில், ஆனால் பாகம் பிரிக்கும் நாளின் விலைக்கு, என்பதாகும். பணமாகக் கொடுத்திருந்தால் 860-1ஆம் பிரிவின்படி அந்தத் தொகையே கணக்கில் வரும். அந்தப் பணத்தில் ஒரு சொத்து வாங்கப்பட்டிருந்தால் மட்டும் அச்சொத்தின் இன்றைய மதிப்பில் அதற்குரிய பகுதி கணக்கில் வரும். படிக்கும்போது தலை சுற்றுவதால் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கிறேன்.

தாயார் முன்பே காலமாகிவிட்ட ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். மூத்தவருக்குத் தந்தை 20,000 யூரோ பெறுமான வெற்று மனையைக் கொடுத்தார். மகன் தம் கடனில் அதன்மேல் வீடு கட்டினார். இன்று வீட்டோடு சேர்த்து அது 3,00,000 யூரோ போகும், வெற்று மனையாக இருந்தால் 1,20,000 போகும். மகளுக்குக் கொடுத்த 30,000 யூரோவைக் கொண்டு அவர் துலூஸில் 1,20,000 யூரோவுக்கு ஓர் அடுக்ககம் வாங்கினார்; அது இன்று 2,00,000. இளையவருக்கும் அதே 30,000 கிடைத்தது. அவர் அதைக் கடையில் போட்டு இழந்தார். தந்தை விட்டுச்சென்றது 2,50,000 யூரோ. மூத்தவர் சேர்க்க வேண்டியது மனையின் 1,20,000 மட்டுமே, ஏனெனில் வீடு அவர் உழைப்பு. மகள் வாங்கிய அடுக்ககத்தின் விலையில் கால் பங்குதான் தந்தையின் பணம் என்பதால் அவர் சேர்க்க வேண்டியது 50,000. இளையவர் 30,000. கூட்டினால் 4,50,000, ஆளுக்கு 1,50,000. எனவே மீதியிருப்பதில் மூத்தவருக்கு 30,000, மகளுக்கு 1,00,000, இளையவருக்கு 1,20,000.

இந்தக் கணக்கை முதல் முறை கேட்பவர்கள், மகளும் இளையவரும் ஒரே தொகையை வாங்கியிருக்கையில் ஏன் இந்த வேறுபாடு என்று கொதிப்பார்கள். இதில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. சிக்கனமாக இருந்து பணத்தை வீடாக்கியவர் அதிகம் சேர்க்க, செலவழித்தவர் பழைய தொகையோடு தப்பிக்கிறார். யூரோவுக்கு முந்தைய பிராங்க் காலத்தில் வாங்கிய தொகை, யூரோவாக்க 6.55957ஆல் வகுக்கப்பட்டு, இத்தனை ஆண்டு விலைவாசி ஏற்றம் எதுவும் சேராமல் வந்து நிற்கிறது. ஆயினும் மனையைப் பொறுத்தவரை இந்த விதி நேர்மையானது என்றே கருதுகிறேன். இத்தீவில் நிலத்தின் விலை ஏறியது மூத்தவரின் கெட்டிக்காரத்தனத்தால் அன்று. தந்தை அன்று கொடுக்காமல் வைத்திருந்தால் அந்த ஏற்றம் மூவருக்கும் சேர்ந்திருக்கும்.

எங்களவர்களிடையே பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். கொடுத்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டால் கணக்கில் வராது என்கிறார்கள். அந்த 15 ஆண்டு வரிக்கு உரியது: ஒவ்வொரு பெற்றோரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,00,000 யூரோ வரை 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரியின்றிக் கொடுக்கலாம். வாரிசுகளுக்கிடையிலான ராப்போருக்கு அப்படிப்பட்ட கெடு எதுவும் கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த மனையும் வந்து சேரும்.

பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் உரிமை இல்லாமல் இல்லை. பங்குக்கு அப்பாற்பட்டது என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியைத் தொட முடியாது. ஒரு பிள்ளையானால் பாதி, இருவரானால் மூன்றில் இரண்டு, மூவரோ அதற்கு மேலோ ஆனால் நான்கில் மூன்று பங்கு ஒதுக்கம். எஞ்சியதே விருப்பப்படி கொடுக்கத் தக்கது.

பெற்றோர் வீட்டிலேயே வாடகையின்றி வாழ்ந்த பிள்ளையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2012 ஜனவரி 18 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம், கொடையாகக் கொடுக்கும் எண்ணமும் அதனால் பெற்றோருக்கு ஏற்பட்ட இழப்பும் நிரூபிக்கப்பட்டாலன்றி அது ராப்போரில் வராது என்று தெளிவுபடுத்தியது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பிள்ளைதான் மருந்து வாங்கி வந்து, இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர். பிள்ளைக்குரிய சாதாரணக் கடமையைத் தாண்டி அவர் செய்த பணிக்கு ஈடு கேட்க நீதிமன்றங்கள் இடமளிக்கின்றன என்பதை வாடகையைக் கிளப்புகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

இத்தனை மல்லுக்கட்டும் பெற்றோர் இருக்கும்போதே தீரக்கூடியது. 'தொனாசியோன் பர்த்தாழ்' எனப்படும் பாகக்கொடைப் பத்திரத்தில், எல்லாப் பிள்ளைகளும் தத்தம் பங்கைப் பெற்று ஒப்புக்கொண்டு, பணத்தின்மீது பெற்றோர் அனுபோக உரிமை (அதன் பயனைத் தாமே அனுபவிக்கும் உரிமை) எதையும் வைத்துக்கொள்ளாதிருந்தால், மதிப்பு அந்த நாளோடு உறைந்துவிடும். பின்னாளில் ஒருவரின் மனை உயர்ந்தாலும் மற்றவரின் பணம் கரைந்தாலும் கணக்கைத் திறக்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பொதுப் பங்கை எழுதி வைத்தால் அது பாகக்கொடை ஆகாது என்று அதே நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இன்னது என்று காட்ட வேண்டும். முன்பு தனித்தனியே கொடுத்த கொடைகளையும், வாங்கியவர்கள் சம்மதித்தால், இந்தப் பத்திரத்துக்குள் கொண்டுவந்து புதிதாக மதிப்பிடலாம் என்பதால், மூத்தவருக்கு மனை எழுதி வெகுகாலம் ஆகிவிட்டதே என்று தயங்கும் பெற்றோரும் நொத்தேரிடம் பழைய பத்திரத்தோடு போகலாம்.