நாடகத்துக்குள் நின்று பார்வையாளரோடு பேசுபவன்

கி.மு. 411இல் கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றிய தெஸ்மோபோரியா விழாப் பெண்களைப் பற்றிய நாடகத்தின் தொடக்கத்தில், கவிஞன் அகத்தோனின் பணியாள் நெருப்பும் பூசைத் தழையுமாக வெளியே வந்து, தன் எஜமானர் பாட்டுக் கட்டப்போவதால் மக்கள் வாய்மூடட்டும், காற்று மூச்சடக்கட்டும், கடல் அலை ஓயட்டும் என்று முழங்குகிறான். ஓரமாகப் பதுங்கியிருக்கும், துன்பியல் நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் வயதான உறவினர், பொருளே இல்லாமல் "பொம்பாக்ஸ்!" என்கிறார். பேசியது யார் என்று பணியாள் திடுக்கிட்டுக் கேட்க, "அசைவற்ற காற்றுதான்" என்று பதில் வருகிறது. அதற்குப் பிறகு அவர் உதிர்ப்பவை இங்கே எழுதத் தக்கவை அல்ல.

பழைய கிரேக்க நகைச்சுவையின் கோமாளிக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. அவனுடைய குறுக்குப் பேச்சை நீக்கினாலும் கதை பெரும்பாலும் நகரும்; ஆனால் மேடையில் ஒருவர் பெருமிதமாகப் பேசும்போது, அதைக் கேட்கும் சாமானியனுக்கு என்ன தோன்றும் என்பதைச் சொல்ல ஆள் இருக்காது. கி.மு. 414இல் வந்த 'பறவைகள்' நாடகத்தில், வானத்தில் நகரம் அமைக்கப் பெய்ஸ்தெதைரோஸ் திட்டம் விரிக்கும்போதெல்லாம் அவனுடைய தோழன் யூவெல்பிடீஸ் செய்வது இந்த வேலையைத்தான். பாதி நாடகத்தில் அவனை மதில் கட்டும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். முணுமுணுத்தபடி போனவன் திரும்புவதே இல்லை.

அரிஸ்டாட்டிலுக்குக் கோமாளியின் மீது மதிப்பில்லை. சிரிப்பு கிடைக்குமானால் தன்னையும் விடமாட்டான், பிறரையும் விடமாட்டான் என்கிறார். வஞ்சப்புகழ்ச்சிக்காரன் தன் மகிழ்ச்சிக்காகச் சிரிக்கவைக்கிறான், கோமாளியோ பிறருக்காக என்றும் பிரிக்கிறார். விருந்துக்கூடத்துக்கு இந்த அளவுகோல் சரி. அரங்கத்திலோ பிறருக்காகச் சிரிக்கவைப்பதே தொழில் என்பதால், அவர் குறையாகச் சொன்னது எனக்குச் சிறப்பாகவே படுகிறது.

'தவளைகள்' (கி.மு. 405) இன்னும் துணிச்சலானது. டயோனிசஸுக்கு எடுக்கும் லெனாயா விழாவிலேயே டயோனிசஸ் கடவுளைக் கோமாளியாக்கி முதல் பரிசையும் பெற்றது. மாவீரன் ஹெராக்ளீஸின் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு பாதாளம் செல்லும் கடவுள், வாசலில் ஓர் அதட்டலுக்கே ஆடையை அசுத்தப்படுத்திக்கொண்டு, வேடத்தை அடிமையின் தலையில் கட்டுகிறார். பிறகு துன்பியல் கவிஞர்களில் சிறந்தவர் யார் என்று ஐஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் மோதும்போது நடுவராக அமர்ந்தும் அந்தக் குறுக்குப் பேச்சை அவர் விடுவதில்லை.

அடுத்த நூற்றாண்டின் நகைச்சுவை நாடகாசிரியர் மெனாந்தரின் காலத்தில் இந்த வேலை சமையல்காரர்களிடமும் அடிமைகளிடமும் போய்ச் சேர்ந்தது. அவருடைய 'சிடுமூஞ்சி' நாடகத்தின் முடிவில், கிணற்றில் விழுந்து அடிபட்டுக் கிடக்கும் கிழவரை வெளியே தூக்கிவந்து போட்டுவிட்டு, அண்டா வேண்டும், மேசை வேண்டும் என்று கதவைத் தட்டித் தொல்லை செய்பவர்கள் ஓர் அடிமையும் ஒரு சமையல்காரனும்தான்.