ஒரு கொடியால் வந்த வினை

மகள் குடியிருப்பது வியன்னாவின் எர்ட்பெர்க் பகுதியில். சிலுவைப் போரிலிருந்து மாறுவேடத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட், 1192 டிசம்பரில் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடம் அது. இருபத்தெட்டு வருடம் வரலாறு நடத்தியவள் நான். அவனைப் பிடித்த இடத்தில் ஒரு மாதம் தங்கிவிட்டு, அடைத்த இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா? முழங்கால் வலியைக் காட்டி மகள் தடுத்தது எடுபடவில்லை.

கிரெம்ஸ் வரை ரயில், பிறகு பஸ். அவனை அடைத்த கோட்டை இருக்கும் டியூர்ன்ஸ்டைன் சின்ன ஊர். ஜூலை மாதமாதலால் தெருவெங்கும் ஆப்ரிகாட் பழக்கூடைகள். கோட்டைக்கு அரை மணியில் ஏறிவிடலாம் என்றார்கள். எனக்கு ஒரு மணிக்கு மேல் ஆனது. மூச்சு வாங்க உட்கார்ந்த பாறைகளிலெல்லாம் பேரனுக்குக் கதை சொன்னேன்.

1191இல் சிலுவைப் போரில் ஆக்ரே நகரம் வீழ்ந்ததும், ரிச்சர்டின் அணியிலேயே போரிட்ட ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்ட் தன் கொடியையும் அங்கே ஏற்றினான். ரிச்சர்டின் ஆட்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். மறு வருடமே, எறிந்தவர்களின் மன்னன் தன்னந்தனியாக லியோபோல்ட் கையில்! விடுதலைக்கு முன் மீட்புத் தொகையாகக் கட்டிய வெள்ளி மட்டும் 1,00,000 மார்க். ஏறத்தாழ 23 டன். வருமானத்தில் கால் பங்கை வரியாகக் கொடுத்தது இங்கிலாந்து மக்கள். சிஸ்டர்சியன் என்ற கிறித்தவத் துறவிகளிடம் அந்த வருடத்து ஆட்டு ரோமத்தையும் விடவில்லை. இத்தனை வருடம் ரிச்சர்டை 'சிங்க நெஞ்சன்' என்று சொல்லிக்கொடுத்தபோது இந்த ரோமக் கணக்கை வகுப்பில் நான் சொன்னதே இல்லை.

பாடகன் ஒருவன் கோட்டைக்குக் கோட்டை பாடிப் போய் மன்னனைக் கண்டுபிடித்தான் என்பார்கள். அது அடுத்த நூற்றாண்டில் முளைத்த கதை. மகளுக்கோ அதுதான் பிடித்திருக்கிறது.

உச்சியில் இருப்பது இடிந்த சுவர்கள்தான். 1645இல் ஸ்வீடன் படை தகர்த்தது போக மிச்சம். திரும்பிக் கீழே பார்த்தேன். டான்யூப் நதி வளைந்து போகிறது. கரையில் நீலமும் வெள்ளையுமாக மடாலயக் கோபுரம். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டப் படிகள். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய தாங்குசுவர்கள் அவை. கோட்டையைவிட அவற்றைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொடியை எடுத்து மறுபடி நட்டிருந்தால் சண்டையே இல்லையே, பாட்டி?" என்றான் பேரன்.

இறக்கம்தான் முழங்காலைக் கொன்றது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். வாங்கிய ஒரு கிலோ ஆப்ரிகாட்டில் கிரெம்ஸ் வருவதற்குள் நான்கு பழம்தான் மிஞ்சியது.